குடைப் புத்தகத்தின் மேல் ஒரு புகார்

பக்கத்தைத் திருப்பியபோதுதான் லைப்ரரி டீச்சருக்குத் தலை சுற்றியது. இந்தப் பக்கத்தில் இரண்டு வரியை அடிக்கப்போய், மறுபக்கத்திலும் இரண்டு இடத்தைக் காலி செய்திருந்தார்.

மார்க்கர் மையின் குணம் அப்படி. சாதாரணப் பேனா மை தாளின் மேல் கோடாக உட்கார்ந்துகொள்ளும். மார்க்கர் மை உட்காராது, இறங்கும். தாள் என்பது நசுக்கிப் பரப்பிய நார்களின் மெத்தைதானே? மை அந்த நார்களைப் பிடித்துக்கொண்டே கீழே போய், அந்தப் பக்கம் தலையைக் காட்டும். சிறுவர் புத்தகத்தில் தாளும் மெல்லிசு. கேட்கவே வேண்டாம்.

மறுபக்கத்தில் அச்சாகியிருந்தது இதுதான்: 'அதிகாரி நனைந்த கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, தன் குடையைத் தேடித் தெருவில் ஓடினார்.'

மை இறங்கியபிறகு மிஞ்சியது இது: 'அதிகாரி கழற்றிப் போட்டுவிட்டு, தெருவில் ஓடினார்.'

டீச்சர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். இதேபோல இன்னும் நான்கு பிரதிகள் மேஜைமேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வெளியே மழை. சுவர் ஓரமாக ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.

எல்லாம் காலையில் ஆரம்பித்தது. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சர், உங்க லைப்ரரியில குடைப் புத்தகம்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு சார். அஞ்சு பிரதி. மூணாம் வகுப்புப் பிள்ளைங்க அதுக்கு அடிச்சிக்கும்."

"அது மேல புகார் வந்திருக்கு. யாரோ ஒரு தகப்பன் போன் பண்ணார். 'சார், அந்தக் குடைப் புத்தகத்தைப் பிள்ளைங்க கையில குடுக்கிறதுக்கு முன்னாடி'ன்னு ஆரம்பிச்சார். நான் அதுக்கு மேல பேச விடலை. 'நடவடிக்கை எடுத்துட்டோம் சார்'னு சொல்லி வச்சிட்டேன்."

"என்ன புகார் சார்?"

"அது தெரியாது."

"கேக்கலையா?"

ஹெட்மாஸ்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "டீச்சர், நம்ம ஸ்கூல்ல புகாருக்குக் காரணம் கேக்கிறதில்லைன்னு தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். அந்த விதி பிறந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை ஒரு பெற்றோர் பள்ளி மணி சத்தமாக இருக்கிறது என்றார். ஹெட்மாஸ்டர் வாய் தவறி "ஏன், உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வி வாக்குவாதமாகி, வாக்குவாதம் மனுவாகி, மனு மேலிடத்துக்குப் போய், மேலிடம் விசாரணைக்கு ஆள் அனுப்பியது. அன்றிலிருந்து அவர் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டார். புகார் வந்தால் கேட்கக் கூடாது, செய்ய வேண்டும். என்ன செய்வது என்று தெரியாவிட்டாலும் செய்ய வேண்டும்.

"போன் பண்ணது யாருன்னாவது..."

"அதையும் கேக்கலை. பேரைக் கேட்டா மிரட்டற மாதிரி ஆயிடும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த அஞ்சையும் கட்டிக் குடோன்ல போட்டுடுங்க."

டீச்சருக்கு இந்த லைப்ரரி சும்மா வந்ததல்ல. உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்த அறை அது. கேட்டுக் கேட்டு, கூட்டிப் பெருக்கி, தானே சுண்ணாம்பு அடித்து வாங்கிய அறை. வாரத்துக்கு ஒரு பீரியட் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் இடம் பிடித்தது அதைவிடப் பெரிய பாடு. விளையாட்டு மாஸ்டருக்கு அந்த அறைமேல் எப்போதும் ஒரு கண். மழை பெய்தால் அவருடைய பாய்களும் பந்துகளும் நனைகின்றன. "உங்க புத்தகத்துக்குக் கூரை இருக்கு, என் பந்துக்கு இல்லை" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார். லைப்ரரியில் ஒரு தொல்லை என்று பேர் விழுந்தால் போதும், அறை போய்விடும்.

அதனால் டீச்சர் ஒரு கணக்குப் போட்டார். முழுப் புத்தகத்தையும் எடுப்பதற்குப் பதில், ஆட்சேபத்துக்குரிய இரண்டு வரியை மட்டும் எடுத்துவிட்டால்? புத்தகமும் பிழைக்கும், அறையும் பிழைக்கும்.

"எது ஆட்சேபம்னு தெரியாதே?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"தேடிப் பாப்போம் சார்."

தேட ஆரம்பித்தால் கிடைக்காமல் இருக்குமா? கதை சின்னது. ஓர் அதிகாரியிடம் ஒரு குடை. எத்தனையோ மழையைப் பார்த்த குடை. ஆனால் அதன் உட்புறம் மட்டும் ஒருநாளும் நனைந்ததில்லை. மழை உள்ளே எப்படி இருக்கும் என்று அறிய அதற்கு ஓர் ஆசை. ஒருநாள் பெருங்காற்று அடிக்கிறது. குடை அதிகாரியின் கையை விட்டுப் பறந்து, உள்புறம் வெளியே தெரியத் திரும்பி, மலைமேல் போய் ஆசை தீர நனைகிறது. அதிகாரி அதைத் தேடிக்கொண்டு போகிறார். திரும்பி வருகிறதா இல்லையா என்பது கடைசியில்.

ஹெட்மாஸ்டர் படித்தார். பாதியில் ஒரு இடத்தில் சிரித்தும்விட்டார். உடனே கதவைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். அதான் பயமா இருக்கு."

அந்த நேரம் பார்த்து விளையாட்டு மாஸ்டர் வந்தார். கழுத்தில் விசில், காலில் சேறு. புத்தகத்தை வாங்கி நின்றபடியே படித்தார். முகம் சிவந்தது.

"சார், இது குடைக் கதை இல்லை. நல்லாப் பாருங்க. 'குடை காற்றோடு ஓடிப்போனது.' காத்தோட ஓடிப்போச்சு சார்! வீட்ல சொல்லாம!"

"அட, ஆமா!"

"அதோட விட்டுச்சா? 'உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே திருப்பிக் காட்டியது.' ஐயோ, இதைப் பொண்ணுங்க படிக்குதே சார்."

"மாஸ்டர், அது குடை" என்றார் டீச்சர்.

"இன்னைக்குக் குடை டீச்சர்" என்றார் மாஸ்டர்.

ஆக, அந்த இரண்டு வரி. அதற்குத்தான் கறுப்பு மார்க்கர். அதற்குத்தான் இப்போது ஓர் அதிகாரி கழற்றிப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

மையை எடுக்க முடியாது. காயட்டும், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று டீச்சர் மனதைத் தேற்றிக்கொண்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கவனித்தார்கள். மறுநாள் லைப்ரரி பீரியடில் ஒரு பையன் எழுந்து நின்று சத்தம்போட்டு வாசித்தான். வகுப்பு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. சிரிப்பு தாழ்வாரத்தைத் தாண்டி, ஹெட்மாஸ்டர் அறை ஜன்னலைத் தொட்டது.

"டீச்சர், நேத்து வரைக்கும் அவர் கோட்டை மட்டும்தான் கழட்டினார்!" என்று தலையில் கைவைத்தார் ஹெட்மாஸ்டர். "இன்னைக்கு எல்லாத்தையும் கழட்டிட்டார்!"

"ஒட்டிடறேன் சார். ரெண்டு பக்கத்துக்கும் வெள்ளைத் தாள் வச்சு ஒட்டிடறேன்."

ஒட்டுவது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் பசையைப் பற்றி அறியாதவர்கள். பசையில் பாதி தண்ணீர். தாள் அந்தத் தண்ணீரைக் குடித்து ஊதும், காயும்போது சுருங்கும், ஆனால் பழைய இடத்துக்கு வராது. ஒரு தாள் இருந்த இடத்தில் மூன்று தாள் விறைத்துக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட புத்தகத்தை மேஜைமேல் முதுகு படும்படி நிறுத்திக் கையை எடுத்துப் பாருங்கள். அது எங்கே தடித்திருக்கிறதோ அங்கேதான் பிளந்துகொள்ளும். அதுவரை குடைப் புத்தகத்தைப் பிள்ளைகள் முதல் பக்கத்திலிருந்து படித்துவந்தார்கள். இப்போது புத்தகமே அவர்களை நேராக அந்தப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது.

இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளைத் தாள் முன்னால் இருக்கிற வெளிச்சத்தை மறைக்கும், பின்னாலிருந்து வருகிற வெளிச்சத்தை மறைக்காது. லைப்ரரியில் ஒரே ஒரு ஜன்னல். இடைவேளையில் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார்கள். வெள்ளைத் தாளுக்கு அடியில் கறுப்பு மை. கறுப்பு மைக்கு அடியிலும், அச்செழுத்து கொஞ்சம் கூடுதலாகக் கறுத்துத் தெரிந்தது.

"ஓ...டிப்...போ...னது" என்று ஒரு பெண் எழுத்துக்கூட்டினாள்.

"தள்ளுடி, நான் பாக்கணும்!"

"வரிசையில வா!"

எழுத்துக்கூட்டவே தெரியாமலிருந்த இரண்டு பேர் அந்த ஜன்னல் ஓரத்தில்தான் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். வேறு நாளாக இருந்தால் டீச்சர் சந்தோஷத்தில் அழுதிருப்பார். இன்று வெறும் அழுகைதான் வந்தது.

அன்று மாலை மணி அடித்ததும் நல்ல மழை. பிள்ளைகள் வாசலில் குடைகளை விரித்தார்கள். விரித்து, காற்று வரும் பக்கம் நீட்டினார்கள். ஒவ்வொன்றாகக் குடைகள் பட் பட்டென்று திரும்பிக்கொண்டு, கிண்ணம் கிண்ணமாக மழையை வாங்கின. ஒரு மூன்றாம் வகுப்பு முழுவதும் தலைகீழ்க் குடையோடு, நனைந்து சொட்டியபடி, உள்ளே தண்ணீர் எவ்வளவு சேர்ந்தது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு தெருவில் போயிற்று. டீச்சர் லைப்ரரி ஜன்னலிலிருந்து பார்த்தார். தன் வாழ்நாளில் இதைவிட அழகான ஒன்றைப் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. தன் அறை ஜன்னலிலிருந்து ஹெட்மாஸ்டரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வகுப்பில் பாதிப் பேருக்குச் சளி. உடைந்த குடைகளோடு இரண்டு தாய்மார்கள் வந்து கத்தினார்கள். ஹெட்மாஸ்டர் அவர்களிடமும் காரணம் கேட்கவில்லை.

"இதுதான் பாதிப்புங்கறது" என்றார் டீச்சரிடம். "அந்தத் தகப்பன் முன்னாடியே சொல்லிட்டார். நாமதான் கேக்கலை. அந்தப் பக்கமே இருக்கக் கூடாது."

டீச்சர் ஐந்து புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவருடைய கணவர் தெருமுனையில் சலூன் வைத்திருப்பவர். மழையில் யாரும் முடிவெட்ட வராததால் சீக்கிரமே வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உங்க பெட்டியில புது பிளேடு இருக்கா?"

"யாரை?"

"சும்மா இருங்க. புத்தகத்துல ஒரு தாள் வெட்டணும்."

கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் தாடையைத் தடவினார். "போன் பண்ண ஆளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கக் கூடாதாம்."

"நல்லா இருக்கே. நான் ஒருத்தர் தலையில கை வைக்கும் முன்னாடி 'எப்படி வெட்டணும்'னு கேப்பேன். கேக்காம மிஷினைப் போட்டா அந்த ஆள் என்னை வெட்டிடுவான்."

"உங்களுக்கு மேலிடம் கிடையாது. அதான் தைரியமா பேசறீங்க."

"எனக்கா? மேலிடத்துலதானே எனக்கு வேலையே" என்று தன் உச்சந்தலையைத் தட்டிக் காட்டினார். டீச்சர் சிரிக்கவில்லை.

மீதி அடிக்கட்டை தெரிந்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, மடிப்பின் நடுவிலேயே பிளேடை வைத்து இழுத்தார். ஐந்தாம் பக்கமும் ஆறாம் பக்கமும் இருந்த தாள் சுத்தமாகக் கையோடு வந்தது. அடுத்த நொடி, புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு தாள் மெல்ல நழுவி அவர் மடியில் விழுந்தது.

"இதை நான் வெட்டலையே!"

வெட்டினார்தான். அந்தமாதிரிப் புத்தகத்தின் கட்டுமானத்தைத் தெரிந்துகொண்டால் புரியும். பெரிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மொத்தமாக நடுவில் மடித்து, மடிப்பின் முதுகில் இரண்டு கம்பி அடிக்கிறார்கள். கம்பியின் கால்கள் எல்லாத் தாளையும் துளைத்துக்கொண்டு நடுப்பக்கத்தில் வந்து மடங்கிப் படுத்துக்கொள்ளும். ஆகவே முன்னால் இருக்கிற ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு ஜோடி உண்டு. பார்வைக்கு இரண்டு, உண்மையில் ஒரே தாளின் இரு பாதிகள். மடிப்பில் வெட்டி ஒன்றை எடுத்தால் மற்றதற்குப் பிடிமானம் இல்லை. ஐந்தாம் பக்கத்தின் ஜோடி கடைசியில் இருந்தது. கதையின் முடிவு அதில்தான் இருந்தது.

"எங்க தொழில்லயும் இதேதான்" என்றார் கணவர் எட்டிப் பார்த்து. "இந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமா எடுத்துட்டோம்னு, சமன் பண்ண அந்தப் பக்கம் எடுப்போம். மறுபடி இந்தப் பக்கம். கடைசில மொட்டை."

"வாயை மூடிட்டுப் பசை டப்பாவை எடுங்க."

விழுந்த தாளை விளிம்பில் பசை தொட்டு உள்ளே செருகினார். ஐந்து புத்தகத்துக்கும் அப்படியே. கடைசிப் பிரதியின் நடுப்பக்கத்தை விரல் வைத்து அழுத்தும்போது, "ஸ்ஸ்" என்று கையை உதறினார். விரல் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லை. குத்திடுச்சு."

"பின்னே? அதுக்கும் வலிக்குமில்ல" என்றார் கணவர்.

டீச்சர் விரலை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

பசை பிடித்தால்தானே? மழைக்காலப் பசை காய்வதற்குள் காலை வந்துவிட்டது. காலைக் கூட்டம் முடிந்து வகுப்புகள் கலைகிற நேரம், டீச்சர் ஐந்து புத்தகத்தையும் அணைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார். முற்றத்திலிருந்து ஒரு காற்று வந்தது. ஐந்து தாள்கள் வெளியே உருவிக்கொண்டு பறந்தன. நான்கு பிள்ளைகள் பக்கம் போயின. ஒன்று ஹெட்மாஸ்டரின் காலடியில், படம் மேலே தெரியும்படி, வந்து படிந்தது. மலையுச்சியில் தலைகீழ்க் குடை, உள்ளே தளும்பத் தளும்ப மழைத் தண்ணீர், விளிம்பில் குருவிகள்.

"மறுபடியும் திருப்பிக்கிட்டு நிக்குது!" என்று அலறினார் விளையாட்டு மாஸ்டர். "இந்தத் தடவை படமாவே போட்டிருக்கான் சார்!"

நான்கு தாள்களையும் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கினார்கள். ஐந்து புத்தகமும் ஹெட்மாஸ்டரின் இரும்பு அலமாரிக்குள் போயின. பூட்டு விழுந்தது. ஒன்று போனாலும் மற்றவை இருக்கின்றன என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது எவ்வளவு நேரம் நிற்கும்?

புத்தக அடுக்கு என்பது கூட்டமான பஸ் மாதிரி. யாரும் சொந்தக் காலில் நிற்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்ந்துதான் எல்லாரும் நிற்கிறார்கள். ஐந்து பேர் இறங்கியதும் மற்றவர்கள் சரிந்தார்கள். சரிந்த இடத்தில் ஓர் இடைவெளி தெரிந்தது. அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் வெகுநேரம் நின்றார்.

"டீச்சர், நாளைக்கு அந்தத் தகப்பன் நேர்ல வந்து பாத்தா? இதே மாதிரி வேற புத்தகம் இருந்தா? 'நடவடிக்கை எடுத்துட்டோம்'னு வேற சொல்லிட்டேன்."

குழு போட்டார்கள். ஹெட்மாஸ்டர், விளையாட்டு மாஸ்டர், லைப்ரரி டீச்சர். குழுவில் இருந்தால் நாலு புத்தகத்தையாவது காப்பாற்றலாம் என்று டீச்சரும் உட்கார்ந்தார். அவர் எடுத்துக்கொடுக்க, அவர்கள் தள்ளிவிட, வேலை வேகமாக நடந்தது. சில தடவை அவர்கள் கை நீட்டுவதற்குள் டீச்சரே எடுத்துத் தள்ளிவிட்டார். வாதாடுகிற நேரம் மிச்சம் என்று அப்போது நினைத்தார்.

முதலில் குடை வருகிற புத்தகங்கள். பிறகு காற்று வருகிற புத்தகங்கள்.

"காத்து இல்லாத அறிவியல் எப்படி மாஸ்டர்?"

"பரீட்சைக்கு வேணும்னா பாடப் புத்தகத்துல இருக்கு. லைப்ரரியில எதுக்கு?"

அடுத்து, வீட்டில் சொல்லாமல் வெளியே போகிறவர்கள் வருகிற கதைகள். இங்கே டீச்சர் ஒருமுறை குரலை உயர்த்தினார்.

"சார், வீட்டை விட்டுப் போகாதவன் எந்தக் கதையில இருக்கான்? அவன் போனாத்தானே கதை. போகலைன்னா சாப்பிட்டுத் தூங்கிடுவான்."

"நல்ல பையன்!" என்றார் ஹெட்மாஸ்டர் மனப்பூர்வமாக. "அவனைப் பத்தி ஏன் யாரும் எழுத மாட்டேங்கறாங்க?"

கதைகள் எல்லாம் போயின. கடைசியில் தடித்த அகராதி ஒன்றுதான் மிச்சம். விளையாட்டு மாஸ்டர் அதை ஈர விரலால் புரட்டிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார். கொஞ்சம் பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார்.

"சார்! ஊர்ல இருக்கிற அத்தனை கெட்ட வார்த்தையும் இதுக்குள்ள இருக்கு சார். தேடறவனுக்குச் சிரமம் இல்லாம வரிசையா வேற அடுக்கி வச்சிருக்கான்!"

அகராதியும் அலமாரிக்குப் போயிற்று. அலமாரி நிறைந்து, மிச்சம் மூட்டையாகிப் படிக்கட்டுக்கு அடியில் போயிற்று. அங்கே மழை ஒழுகும் என்று டீச்சர் சொன்னார். உட்புறம் நனைய ஆசைப்பட்ட புத்தகங்கள்தானே என்று மாஸ்டர் நகைச்சுவையாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, ஹெட்மாஸ்டர்கூட.

புத்தகம் இல்லாத அறைக்கு லைப்ரரி என்று பெயர் எதற்கு? பலகையைக் கழற்றினார்கள். பாய்கள் வந்தன, பந்துகள் வந்தன, உயரம் தாண்டும் கம்பம் வந்தது. விளையாட்டு மாஸ்டர் நல்லவர்தான். தன் பந்துகள் காய்ந்த இடத்தில் இருப்பதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சருக்கு இனி வராத ஆசிரியர்களின் வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

"வருத்தப்படாதீங்க" என்றார் ஹெட்மாஸ்டர். "பாருங்க, அதுக்கப்புறம் ஒரு புகார் வரலை."

"வராது சார். புகார் சொல்ல இனி என்ன இருக்கு?"

மூன்றாம் வகுப்பு சில நாள் "லைப்ரரி எப்ப டீச்சர்?" என்று கேட்டது. பிறகு கேட்கவில்லை. பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று சொல்வார்கள். உண்மையில் அவர்கள் மறப்பதில்லை. கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று கற்றுக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சீக்கிரமாகக் கற்றுக்கொள்கிற பாடம் அதுதான்.

ஒரு மாலை, எல்லாரும் போனபிறகு டீச்சர் பழைய அறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே ரப்பர் நாற்றம். பூட்டு புதிது. மழை விட்டு, கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், லைப்ரரி இங்கதானே இருந்துச்சு?"

கழுத்தில் அளவு நாடா தொங்க ஒருவர் நின்றார். தையல்காரர். கடைத்தெருவில் பார்த்த முகம். அவர் பின்னால் ஒளிந்துகொண்டு, முன்பல் விழுந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பெண்.

"இருந்துச்சு" என்றார் டீச்சர்.

"இவ தினம் வீட்ல ஒரே தொல்லை. ஒரு குடைப் புத்தகமாம். பாதி படிச்சிருக்கா. அந்தக் குடை கடைசில வீட்டுக்கு வந்துச்சா இல்லையான்னு சொல்லுப்பான்னு உசிரை எடுக்கிறா. எனக்கு எப்படித் தெரியும்? அதான் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அந்தப் புத்தகம் இல்லைங்க. யாரோ புகார் பண்ணிட்டாங்க."

"புகாரா?" தையல்காரர் கொஞ்சம் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "போன்லயா? அது நான்தான் டீச்சர்."

டீச்சர் கண்ணில் கறுப்பு மை, பசை, பிளேடு, அலமாரி, மூட்டை எல்லாம் அந்த அளவு நாடாவின் மேல் வந்து தொங்கின.

"நீங்களா?" என்றார் டீச்சர். "நீங்க வச்ச ஒரு போன்ல என்ன நடந்துச்சு தெரியுமா? வரியை அடிச்சோம். தாளை ஒட்டினோம். வெட்டினோம். என் கையாலயே வெட்டினேன். இந்த அறையில ஒரு புத்தகம் மிச்சம் இல்லை. ஒண்ணு கூட இல்லை. இப்ப வந்து கடைசில என்ன ஆச்சுன்னு கேக்கிறீங்க!"

தையல்காரர் பயந்து ஓர் அடி பின்னால் போனார். அந்தப் பெண் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை நாளில் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் கேட்காத அந்தக் கேள்வியை டீச்சர் கேட்டார்.

"சொல்லுங்க. அந்தப் புத்தகத்துல அப்படி என்னதான் தப்பைக் கண்டீங்க?"

தையல்காரர் மகளின் கையைப் பிடித்து, சுட்டுவிரல் நுனியில் ஆறிப்போயிருந்த ஒரு சின்னத் தழும்பைக் காட்டினார்.

"தப்புன்னு இல்லைங்க டீச்சர்... நடுப்பக்கத்துல அந்தக் கம்பி லேசா தூக்கிட்டு இருந்துச்சு, பிள்ளைங்க கையில குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தட்டு தட்டி மடக்கிடுங்கன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள ஹெட்மாஸ்டர் போனை வச்சிட்டார்."